கழிக்காமல் விட்ட கீழ் எல்லை

அத்தியாயம் ஐந்து

கமலவேணியின் கையிலிருந்த இன்சுலின் பேனா நடுங்கிக்கொண்டே இருந்தது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து நெடுநேரம் ஆகியிருக்க வேண்டும். அந்த அம்மாள் அதை மேசையில் வைப்பதாகவும் இல்லை, யாரிடமாவது கொடுப்பதாகவும் இல்லை.

"நேத்து ராத்திரி ஒண்ணு போட்டிருக்கணும். இன்னிக்குக் காலையில பசியாறுறதுக்கு முன்ன ஒண்ணு. ரெண்டும் போடலை. பன்னெண்டு வயசுலேருந்து ஒரு வேளை தப்பவிட்டதில்லம்மா என் பொண்ணு. அஞ்சு மணிக்கு கிளாஸ் முடிஞ்சதும் வீட்டுக்கு வந்துடுவேன்னு இதை வச்சிட்டுப் போனா."

மெர்லிமாவ் தாமான் குடியிருப்பிலிருந்த அந்த வீட்டின் முன்கூடத்தில் மின்விசிறி சுற்றியும் புழுக்கம் அடங்கவில்லை. பிற்பகல் ஒன்றரை மணி. ராகினி காணாமல் போய் இருபது மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. கிஷன் வாசல் நிலையில் சாய்ந்து நின்றான். வழக்கமாக இந்த மாதிரி வீடுகளுக்குள் நுழைந்ததும் எதையாவது உளறி இறுக்கத்தைத் தளர்த்துவது அவன் வேலை. இன்றைக்கு அவன் அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"போலிஸ்ல என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள் அவனை அழைத்து வந்திருந்த துப்பறிவாளர் தேவமலர்.

பதில் சொன்னது நாற்காலியில் உட்கார்ந்திருந்த காளிதாஸ். விடியல் டியூஷன் சென்டரின் சொந்தக்காரர். ராகினி அங்கேதான் ஐந்தாம் படிவப் பிள்ளைகளுக்கு ஆட்மேத்ஸ் என்னும் கூடுதல் கணிதம் சொல்லிக்கொடுத்தாள். "இருபத்தொன்பது வயசுப் பொண்ணு. இன்னிக்குக் காலையில கூட வாட்ஸப் அனுப்பியிருக்கு. காணாமப் போன ஆளு ஹோம்வொர்க்குக்கு விடை அனுப்புமான்னு கேக்கறாங்க. அவங்க கேக்கறதும் நியாயம்தானேலா."

"நேத்து அவங்களைக் கடைசியா பார்த்தது யாரு?"

"நான்தான். அஞ்சு மணிக்கு சென்டர் வாசல்ல. போயிட்டு வர்றேன் சார்னு சொல்லிட்டு நடந்து போச்சு. இன்னிக்குப் பதினொண்ணே முக்காலுக்கு இந்தச் செய்தி வந்தது. கிளாஸ் குரூப்புல நானும் இருக்கேன். அம்மா பயந்துக்கிட்டு இருப்பாங்களேன்னு இதைக் காட்டத்தான் ஓடி வந்தேன்."

கைத்தொலைபேசியை நீட்டினார். தேவமலர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாங்கினாள்.

ஜாசின் பக்கத்துப் பள்ளி ஒன்றில் பத்து வருஷம் ஆட்மேத்ஸ் சொல்லிக்கொடுத்தவள் அவள். பிள்ளைகள் சொல்லும் பொய்களைக் கண்டுபிடிக்கவே பாதி நேரம் போகிறது, அதையே தொழிலாக வைத்துக்கொள்கிறேன் என்று வேலையை விட்டு, மலாக்கா டவுனில் துப்பறியும் அலுவலகம் திறந்தாள். அதே பாடத்தில் இரண்டு தடவை தோற்ற கிஷனை உதவியாளாகச் சேர்த்துக்கொண்டது ஏன் என்பது கிஷனுக்கே இன்றுவரை விளங்கவில்லை.

அவள் தோளுக்கு மேலாக அவன் எட்டிப் பார்த்தான். 'அவசர வேலை. ஞாயிறு வரை வகுப்பு இல்லை. பயிற்சிக் கணக்குகளும் விடைகளும் கீழே' என்று ஒரு செய்தி. அதற்குக் கீழே ஒரு படம். கையால் எழுதிய மூன்று தொகையீட்டுக் கணக்குகள். பாம்பு நிமிர்ந்து நிற்பது போன்ற அந்தக் குறியைப் பார்த்ததும் தோற்ற இரண்டு பரீட்சைகளும் அவனுக்கு நினைவுக்கு வந்தன. ஒவ்வொரு பாம்பின் தலையிலும் ஓர் எண், வாலிலும் ஓர் எண். விடைகள் 18, 64, 5.

கணக்கு அவனுக்குப் புரியவில்லை. ஆனால் தாள் புரிந்தது. ரோஸ் நிறம். நெடுகப் போகும் மெல்லிய கோடுகள், மேலே பொடியாக ஒன்றிலிருந்து முப்பத்தொன்று வரை எண்கள். இந்தத் தாளை அவன்...

வாயைத் திறந்தான். தேவமலரின் செருப்பு அவன் கால் கட்டைவிரலின் மேல் ஏறி அழுத்தியது.

"பிடிச்சிட்டேன்!" என்றாள் அவள், தேவைக்கு மேல் சத்தமாக. "பதினெட்டு, அறுபத்து நாலு, அஞ்சு. பதினெட்டுங்கறது கடை நம்பர். கிளேபாங் கடற்கரையோரம் சாப்பாட்டுக் கடைங்க வரிசையா இருக்குல்ல, அங்க பதினெட்டாம் கடை. ராகினி அங்கதான் யாரோடயோ இருக்காங்க."

காளிதாஸ் நாற்காலியில் நிமிர்ந்தார். முகம் தெளிந்தது. "ஆமாம், ஆமாம்! கிளேபாங்ல அதுக்கு ஒரு கூட்டாளி இருக்கா. என்கிட்ட ஒரு தடவை சொல்லியிருக்கு. கடை வச்சிருக்கற பொண்ணு. நீங்க உடனே போங்க. நான் அம்மாவுக்குத் துணையா இங்கயே இருக்கேன்."

"ரொம்ப உதவி சார்," என்றாள் தேவமலர். கமலவேணியின் முன் குனிந்து, இறுகிய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, பேனாவைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். "இதைக் கொண்டுபோய் அவங்க கையில கொடுக்கறது என் பொறுப்பும்மா."

காளிதாஸின் கண் அந்தப் பேனாவின் மேல் ஒரு கணம் நின்றுவிட்டு விலகியது.

*

மெர்லிமாவ் சந்தி விளக்கில் இடப்பக்கம் திரும்பினால் மலாக்கா டவுன், அதைத் தாண்டிக் கிளேபாங். தேவமலர் வலப்பக்கம் திருப்பினாள்.

"அக்கா, கடல் அந்தப் பக்கம் இருக்கு. நான் பிறந்ததுலேருந்து அங்கயேதான் இருக்கு."

"தெரியும். நீ சொல்ல வந்ததை இப்ப சொல்லு. அந்தத் தாள் என்ன?"

"செக்ரோல். தோட்டத்துல காலையில பெரட்டு எண்ணறப்ப வேலைக்கு ஆள் வந்துச்சா இல்லையான்னு பேர் பதியற தாள். முப்பத்தொரு நாளுக்கும் கட்டம் இருக்கும். எங்கம்மா பேரு அதுல பதினேழு வருஷம் இருந்துச்சு. ரோஸ் கலர்ல அடிச்சது நியாலாஸ் பக்கம் வாத்துக்காரத் தோட்டம் மட்டும்தான். இப்ப அங்க எல்லாம் கம்ப்யூட்டர். பழைய தாளு எங்கயாவது ஸ்டோர்ல கெடந்தாத்தான் உண்டு."

"அப்ப நியாலாஸ்." காடி வேகம் பிடித்தது. சாலையின் இருபுறமும் செம்பனை மரங்கள் பின்னால் ஓடின. "எனக்கு இருந்த ஒரே சந்தேகத்தைத் தீர்த்துட்டடா நீ."

"எனக்கு இருக்கற பத்தை யாரு தீர்க்கறது? பதினெட்டாம் கடைன்னீங்களே?"

"பொய்."

"அந்தக் கூட்டாளி?"

"அது அவரோட பொய்." தேவமலர் கைத்தொலைபேசியை அவன் மடியில் போட்டாள். செய்தியை அவள் வீட்டிலேயே தனக்கு அனுப்பி வைத்திருந்தாள். "முதல் கணக்கைப் படி."

"டூ எக்ஸ் பிளஸ் த்ரீ. வால்ல ஒண்ணு, தலையில மூணு. அக்கா, இந்த வியாதியே வேணாம்னுதான் நான் இந்த வேலைக்கு வந்தேன்."

"பயப்படாதே. எந்தச் சார்பை வகையிட்டா இது வரும்னு தேடணும். பின்பக்கமா நடக்கற மாதிரி. எக்ஸ் ஸ்குவேர் பிளஸ் த்ரீ எக்ஸ். அதுதான் எதிர்வகையீடு. அதை ராகினி சரியா எழுதியிருக்காங்களா?"

"எழுதியிருக்காங்க. சதுர அடைப்புக்குள்ள."

"அதுல மேல் எல்லையைப் போடு. மூணு."

கிஷன் விரல் விட்டான். "ஒன்பது, கூட ஒன்பது. பதினெட்டு. விடை சரிதானே?"

"சரியில்ல. கீழ் எல்லையையும் போட்டு, வந்ததை இதுலேருந்து கழிக்கணும். ஒண்ணைப் போட்டா ஒண்ணும் மூணும் நாலு. பதினெட்டுல நாலு போனா பதினாலு. அதுதான் விடை. நடுவுல கோடு எப்படி வளைஞ்சாலும் நெளிஞ்சாலும் கவலையில்ல. ரெண்டு முனையும் தெரிஞ்சா போதும். ஆனா ரெண்டும் வேணும். ராகினி மூணு கணக்குலயும் மேல் முனையோட நிறுத்திட்டாங்க."

"மறந்திருப்பாங்க. நானும் மறப்பேன்."

"அதனாலதான் நீ தோத்த. ஒரு ஆட்மேத்ஸ் டீச்சர் மூணு தடவை மறக்க மாட்டா. வேணும்னே கழிக்காம விட்டிருக்காங்க. பக்கத்துல நின்னு பார்த்தவனுக்குக் கணக்கு தெரியாது. விடை இருக்கு, அடியில கோடு போட்டிருக்கு, அனுப்பிட்டான். விட்டுப்போனதை மட்டும் நாம எடுக்கணும். முதல்ல நாலு."

கிஷன் நிமிர்ந்து உட்கார்ந்தான். இரண்டாவது கணக்கு, மூன்று எக்ஸ் ஸ்குவேர், இரண்டிலிருந்து நான்கு வரை. எதிர்வகையீடு எக்ஸ் கியூப். மேலே அறுபத்து நான்கு, அதை ராகினியே எழுதியிருந்தாள். கீழே இரண்டைப் போட்டால்... "எட்டு!" என்று கத்தினான்.

"மூணாவது?"

"டூ எக்ஸ் மைனஸ் ஃபோர். ஒண்ணுலேருந்து அஞ்சு. எதிர்வகையீடு எக்ஸ் ஸ்குவேர் மைனஸ் ஃபோர் எக்ஸ். அஞ்சைப் போட்டா அஞ்சு. ஒண்ணைப் போட்டா ஒண்ணு மைனஸ் நாலு... மூணு. மைனஸ் மூணு. அக்கா, இதுல ஒரு பிளஸ் C-யும் சேர்த்து எழுதியிருக்காங்க. இந்த ஒண்ணுல மட்டும்."

தேவமலர் அதை விட்டுவிட்டு எண்களுக்குத் தாவினாள். "நாலையும் எட்டையும் பக்கத்துல வச்சா நாப்பத்தெட்டு. அது தோட்டத்துல என்ன?"

"பிளாக் நம்பர். ஒவ்வொரு பிளாக் முனையிலயும் வெள்ளைப் பலகையில எழுதியிருக்கும்."

கைத்தொலைபேசி அதிர்ந்தது. காளிதாஸ். தேவமலர் ஒலிபெருக்கியில் போடும்படி சைகை காட்டினாள்.

"கிளேபாங் போய்ச் சேர்ந்துட்டீங்களாம்மா?"

"எங்க சார். தாமான் பக்கம் ஒரே ஜாம். இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும் போல."

"பரவால்ல, மெதுவா போங்க, மெதுவா." தொடர்பு அறுந்தது. அவர் குரலுக்குப் பின்னால் மின்விசிறிச் சத்தம் கேட்கவில்லை. கார் இன்ஜின் சத்தம் கேட்டது.

"அம்மாவுக்குத் துணையா இருக்கேன்னாரே," என்றான் கிஷன் மெல்ல.

தேவமலர் மிதித்தாள். "ஜாசின் ஸ்டேஷன்ல சார்ஜன் வீரப்பன் இருப்பாரு, கூப்பிடு. பொண்ணு கிடைச்சாச்சு, உயிருக்கு ஆபத்து, நியாலாஸ் வாத்துக்காரத் தோட்டம், பிளாக் நாப்பத்தெட்டு, ஆம்புலன்ஸோட வாங்கன்னு சொல்லு."

"இன்னும் கிடைக்கலையே."

"கிடைச்சாச்சுன்னு சொன்னாத்தான் வருவாங்க. நாம பொய்யாக்காம இருந்தா போதும்."

*

இரண்டு நாற்பதுக்குச் செம்மண் பாதையில் காடி குலுங்கியது. மத்தியான வெயிலிலும் செம்பனைக்குக் கீழே அந்திபோல் இருந்தது. வெள்ளைப் பலகைகள் வந்துகொண்டே இருந்தன. நாற்பத்தாறு. நாற்பத்தேழு. நாற்பத்தெட்டு.

"மூணாவது சந்து," என்று கிஷன் காடி நிற்பதற்கு முன்பே குதித்து ஓடினான். தேவமலர் பாதையிலேயே நின்று, பின்னால் ஏதாவது வண்டி வருகிறதா என்று பார்த்தாள்.

ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவது சந்துக்குள் வெட்டிப் போட்ட மட்டைகள் முள்ளை நீட்டிக்கொண்டு கிடந்தன. தாண்டி ஓடினான். முடிவில் கருநீரும் கோரையும்தான். சுவரில்லை, கூரையில்லை. "ராகினி!" என்று கூப்பிட்டான். காட்டுக்கோழி ஒன்று படபடத்துப் பறந்தது. திரும்ப ஓடி வந்து நான்காவது சந்தையும் பார்த்தான், இரண்டாவதையும் பார்த்தான். முழங்காலில் முள் கிழித்து ரத்தம் வந்தது. எட்டு நிமிடம் போய்விட்டது.

"ஒண்ணுமில்லக்கா!" மூச்சு வாங்க வந்து நின்றான். "மூணாவது சந்துல பாயாதான். சதுப்பு."

"எந்தப் பக்கம் போன?"

"வலது பக்கம். அங்கதானே சந்து இருக்கு. இடது பக்கம் வெறும் வாய்க்கால்."

"மூணாவது கணக்குல விட்டுப்போனது எத்தனை?"

"மூணு."

"கிஷன். எத்தனை?"

வகுப்புப் பலகையில் நீட்டிப் போட்ட கோடு ஒன்று அவன் கண்முன் வந்தது. பூஜ்யத்துக்கு வலப்பக்கம் ஒன்று, இரண்டு, மூன்று. இடப்பக்கம்...

"மைனஸை விட்டுட்டேன்!"

வாய்க்கால் ஓரமாக ஓடினான். புல் மூடிக் கிடந்ததால் தூரத்திலிருந்து தெரியவில்லை, வாய்க்காலைக் கடக்கப் பலகைப் பாலங்கள் இருந்தன. முதல் பாலம் உடைந்திருந்தது. இரண்டாவதில் பாசி. மூன்றாவது பாலத்தின் புல் மட்டும் நசுங்கியிருந்தது, புதிய டயர்த் தடம். அதற்கு அப்பால் தகரக் கூரை போட்ட பழைய உர ஸ்டோர். கதவில் பளபளக்கும் புதுப் பூட்டு.

தேவமலர் காடியிலிருந்து கொண்டுவந்த இரும்புக் கம்பியைக் கொக்கிக்குள் விட்டு இருவரும் சேர்ந்து நெம்பினார்கள். துருப்பிடித்த ஆணிகள்தான் முதலில் தோற்றன.

உள்ளே உரச் சாக்குகளின் நெடி. ரோஸ் நிறப் புத்தகக் கட்டுகளின் மேல் சாய்ந்து ராகினி கிடந்தாள். உதடு வெடித்திருந்தது. ஓடி வந்தவள்போல் ஆழ ஆழ மூச்சிழுத்துக்கொண்டிருந்தாள். கண் திறந்திருந்தது, ஆனால் அவர்களைக் கண்டுகொள்ளச் சிறிது நேரம் ஆயிற்று.

"உங்கம்மா கொடுத்தாங்க," என்று தேவமலர் பேனாவை நீட்டினாள்.

ராகினி அதை வாங்கினாள். விரல்கள் ஒத்துழைக்கவில்லை. கிஷன் பேனாவைப் பிடித்துக்கொள்ள, அவளே அளவைத் திருகினாள். கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தாள், மறுபடி ஒரு சொடக்குத் திருகினாள், சட்டையை விலக்கி வயிற்றில் குத்திக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் தண்ணீர் கேட்டாள். கிஷன் போத்தலை அவள் வாயில் வைத்தான்.

"மூணு மணிக்கு வர்றேன்னாரு," என்றாள். "போயிடுங்க. அவரு வந்துடுவாரு."

"வரட்டும்," என்றாள் தேவமலர்.

கிஷன் கடிகாரத்தைப் பார்த்தான். இரண்டு ஐம்பத்தேழு. "அக்கா, யாருன்னு உங்களுக்கு வீட்டுலயே தெரியும், இல்ல? அந்தக் கூட்டாளிப் பொய்யை வச்சா?"

"அதுக்கு முன்னாலயே. பிளஸ் C-யைப் பார்த்தப்பவே. எல்லை போட்ட கணக்குல யாரும் மாறிலி எழுத மாட்டாங்க. ஏன்னு தெரியுமா? மேல் முனையில போட்டாலும் C இருக்கும், கீழ் முனையில போட்டாலும் அதே C இருக்கும். கழிச்சா ரெண்டும் அடிபட்டுக் காணாமப் போயிடும். ராகினியைக் கடைசியா பார்த்தது யாரு? முதல்ல செய்தியைக் கொண்டு வந்தது யாரு? ரெண்டு முனையிலயும் ஒரே ஆளு. ரெண்டு பக்கமும் இருக்கறதாலேயே நாம கழிச்சு விட்டுடற ஆளு. இவங்க அதைத்தான் எழுதிக் காட்டினாங்க. ஆனா எழுத்தை வச்சு ஒருத்தரைக் குத்தம் சொல்ல முடியாதே. அதான் இல்லாத கடை ஒண்ணைக் கட்டி விட்டேன். அவரு அதுக்கு ஒரு கடைக்காரியையே குடி வச்சாரு."

பலகைப் பாலம் தடதடத்தது.

கிஷன் கம்பியை எடுத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றான். கார் கதவு சாத்தும் சத்தம். செருப்புச் சத்தம். அது உடைந்த கொக்கிக்கு முன்னால் வந்து நின்றது.

காளிதாஸ் உள்ளே வரவில்லை. வாசலில் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு நின்றார். ஒரு கையில் தண்ணீர்ப் போத்தல், மறு கையில் பொட்டலம் கட்டிய நாசி லெமாக் சோறு. கத்தி இல்லை, கட்டை இல்லை. தேவமலரைப் பார்த்ததும் அந்த மனிதர் ஓடக்கூட இல்லை.

"நான் அதை அடிக்கலைம்மா," என்றார். "ஒரு விரல் படலை. கேட்டுப் பாருங்க. நாளைக்கு முன்தேர்வு. முடிஞ்சதும் விட்டுடலாம்னுதான்."

"கேள்வித்தாள் என்கிட்ட இருக்குன்னு சொன்னேன்," என்றாள் ராகினி. ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு எடுத்தாள். "இவரு பிள்ளைங்களுக்குக் கொடுத்த மாதிரி வினாத்தாளும் நாளைக்கு வர்ற தாளும் ஒண்ணு. அச்சகத்துல ஒரு ஆளு எடுத்துக் கொடுத்திருக்கான். இன்னிக்குக் காலையில ரிப்போர்ட் பண்ணப் போறேன்னு நேத்து இவருகிட்ட சொன்னேன். காடியில பேசிக்கிட்டே போலாம்னு கூப்பிட்டாரு. பத்து வருஷமா சார்னு கூப்பிட்ட ஆளு. ஏறிட்டேன்."

"இங்க எங்கப்பா செக்ரோல் எழுதற கிராணியா இருந்தாரு. இந்த ஸ்டோர் சும்மா கெடக்கறது எனக்குத் தெரியும், பூட்டு மட்டும் வாங்கிப் போட்டேன். யோசிக்கக் கொஞ்சம் நேரம் வேணும்னு நெனச்சேன்மா, அவ்வளவுதான்."

தேவமலர் எழுந்து அவர் முன்னால் போய் நின்றாள். "ஊசி போடலைன்னா இவங்க சாகலாம்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"நேத்தே சொல்லுச்சு. வெளிய விடறதுக்காகச் சொல்லுதுன்னு நெனச்சேன்."

"சரி. இன்னிக்கு மத்தியானம்? அந்தம்மா கையில பேனா ஆடிச்சே. ஒரு மணி நேரம் அவங்க எதிர்ல உக்காந்து பார்த்துக்கிட்டு இருந்தீங்களே. அப்பவும் நம்பலையா?"

காளிதாஸ் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தார்.

"இங்க வர்றப்ப சோறு வாங்கிட்டு வந்திருக்கீங்க," என்றாள் தேவமலர். "மருந்து வாங்கிட்டு வரலை. நேத்து வரைக்கும் நீங்க பயந்துபோன ஆளு சார். இன்னிக்கு மத்தியானத்துலேருந்து வேற ஆளு."

கிஷன் கம்பியைக் கீழே போட்டான். அதற்குத் தேவை இருக்கவில்லை. காளிதாஸ் பலகைப் பாலத்தில் போய்க் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்துகொண்டார். அவரோடு பேச அவனுக்கு ஒன்றுமில்லை. கமலவேணியைக் கூப்பிட்டு, "அம்மா, கிடைச்சிட்டாங்க, பேசறாங்க," என்றான். அவன் தொலைபேசியை ராகினியின் காதில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மூன்று மணி பத்து நிமிடத்துக்குச் சார்ஜன் வீரப்பனின் வண்டியும் பின்னாலேயே ஆம்புலன்ஸும் வந்தன. ஊழியர்கள் ராகினியைத் தள்ளுகட்டிலில் ஏற்றினார்கள். ஒருவன் அவள் கையில் ஊசி ஏற்றிக்கொண்டிருந்தபோதே அவள் மற்றொரு கையால் வீரப்பனின் சட்டையைப் பிடித்தாள்.

"சார்ஜன், எழுதிக்குங்க."

"ஆஸ்பத்திரிக்குப் போம்மா முதல்ல. நாளைக்கு வந்து எடுத்துக்கறேன்."

"நாளைக்குக் காலையில எட்டு மணிக்குப் பிள்ளைங்க பரீட்சை எழுதறாங்க. தாள் வெளிய போயிருச்சு. படிச்சவனும் வாங்கினவனும் ஒரே மார்க் எடுப்பான். இன்னிக்கே நிறுத்தணும். எழுதுங்க."

ஆம்புலன்ஸ்காரன் நேரமாகிறது என்று மலாயில் முணுமுணுத்தான். வீரப்பன் அவளைப் பார்த்தார், பாலத்தில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தார், பிறகு சட்டைப்பையிலிருந்து நோட்டுப்புத்தகத்தை உருவினார்.

"பேரு?"

"என் பேரா, அவர் பேரா?"

"ரெண்டும்."

ராகினி தன் பேரைச் சொன்னாள். அடுத்து, கம்மிய குரலை ஒரு தடவை செருமித் தெளிவாக்கிக்கொண்டு, பாலம் வரைக்கும் கேட்கும்படி மற்றதைச் சொன்னாள்.